பாக்குவெட்டி தொங்கும் ஆணி

மச்சாள்,

இன்று காலை தார் டின்னைத் திறந்தேன். மூடியை உளியால் நெம்பியதும் மணம் மூக்கில் ஏறியது. உடனே நீங்கள் வந்துவிட்டீர்கள். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, "தள்ளு கா, உன்ர நிழல் பலகையில விழுகுது" என்று என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றீர்கள். இல்லாமல் போனவர்களை நினைத்தால் பூ மணக்கும், சாம்பிராணி மணக்கும் என்பார்கள். உங்களை நினைத்தால் எனக்குத் தோணிக்குப் பூசும் தார்தான் மணக்கிறது. அதற்கு நான் வெட்கப்படவில்லை. நீங்களும் வெட்கப்படமாட்டீர்கள்.

போன மாரிக்குக் கராஜின் கூரை ஒழுகிவிட்டது. பலகைச் சுவரில் நாம் போட்ட நிழல்களில் பாதி மங்கிப் போயின. சுத்தியலின் நிழல் காளான் மாதிரிக் கிடக்கிறது. அதைப் புதுப்பிக்கத்தான் தார் வாங்கினேன். ஆனால் மங்கியது மட்டும் காரணமில்லை. போன வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணர் வந்திருந்தார். பன்னிரண்டு வருசத்துக்கு முன்பு எதற்கு வந்தாரோ, அதற்குத்தான் வந்தார். அவர் எப்படித் திரும்பிப் போனார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். "வாலைப் பிடிச்சுக்கொண்டு கதைக்காத, தலையில இருந்து சொல்லு" என்று அதட்டுவீர்கள். சரி, தலையிலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் தம்பியை, என் புருசனைக் குறை சொன்னால் உங்களுக்குப் பொறுக்காது. பொறுக்காவிட்டாலும் கேளுங்கள். கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு ஸ்பானரைத் தேடிய மனிதர் அவர். ஒரு எஞ்சினைப் பிரித்துப் பரப்பினால் ஒரு நட்டுக்கூட மிஞ்சாமல் திரும்பப் பூட்டிவிடுவார். பூட்டி முடித்த பிறகு சாமானை எங்கே வைத்தார் என்பது மட்டும் தெரியாது. திருப்புளி நெல்லுப் பெட்டிக்குள் கிடக்கும். அரம் மீன் சட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும். ஒருநாள் புட்டுக்கு மா எடுக்கப் போனேன், பானைக்குள் காரின் பிளக் ஒன்று கிடந்தது. "இதென்ன?" என்று கேட்டேன். "அட, இஞ்சயா கிடக்கு?" என்று சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார். எட்டு வருசம் நான் அவருக்குச் சாமான் தேடிக் கொடுத்தேன். மனைவி என்ற வேலையில் முக்கால் பங்கு அதுதான்.

வீடு என்னுடையது. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வீடும் வளவும். உங்கள் தம்பி படுவான்கரையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வாவியைக் கடந்து செட்டிபாளையத்துக்கு வந்து இந்த வீட்டில் ஏறியவர். டவுனில் ஒருவருடைய காரை வாடகைக்கு ஓட்டினார். அந்தக் கார் நிற்க என் வளவில் ஒரு மடுவம் கட்டினார். அதைத்தான் ஊர் கராஜ் என்றது. வீடும் வளவும் மடுவமும் எனக்கு என்பதில் ஒருவருக்கும் வழக்கில்லை. ஆனால் ஆண்பிள்ளை தேடிய சாமான் அவன் செத்தால் அவனுடைய தாய்வழிக் குடிக்கே, கூடப் பிறந்தவளின் கைக்கே திரும்ப வேண்டும் என்று பழைய ஆட்கள் ஒரு முறை சொல்வார்கள். அந்த முறைதான் என் கழுத்துக்கு வந்தது.

மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் அவர் இல்லை. கார்க்காரர் ஆளனுப்பிக் காரை எடுப்பித்துக்கொண்டார். காரில்லாத கராஜும், ஆறு வயது மகளும், நானும் மிஞ்சினோம். சாவீட்டுக்கு வந்தவர்கள் அழுதுவிட்டுப் போகும்போது கையோடு ஒவ்வொன்றைக் கொண்டுபோனார்கள். "அவர் எனக்குத் தாறன் எண்டவர்" என்றார் ஒருவர். "ரெண்டு நாளையில கொண்டாறன் புள்ள" என்றார் இன்னொருவர். சொல்லாமல் கொண்டுபோனவர்களை நான் காணவில்லை. அழுதுகொண்டிருப்பவள் கதவைப் பார்ப்பாளா?

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து இலை எடுக்குமுன் உங்கள் அண்ணர் வண்டிலைக் கராஜுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"புள்ள, இது ஆம்புளைச் சாமான். உனக்கு என்னத்துக்கு? தங்கச்சிக்குச் சேர வேண்டியது. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அவர் அப்போது லொறி வாங்க நினைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். தங்கச்சிக்கு என்று சொன்ன வாய் லொறிக்கு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"மச்சாளுக்குச் சேர வேண்டியதெண்டா மச்சாள் வந்து கேக்கட்டும்" என்றேன்.

"வருவா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நீங்கள் வந்தீர்கள். அடுத்த கிழமை, காலை வெயில் ஏறுகிற நேரம், பெரிய தோணி ஒன்று எங்கள் துறையில் வந்து ஒதுங்கியது. இரண்டு பேர் கம்பு ஊன்றித் தாங்கினார்கள். தோணி வெறுமையாக இருந்தது. நடுவில் நீங்கள் மட்டும் குந்திக்கொண்டிருந்தீர்கள். வெறும் தோணியில் ஒருத்தி வருகிறாள் என்றால் நிரப்பிக்கொண்டு போகத்தானே வருகிறாள். இப்போது சொல்கிறேன் மச்சாள், அன்று மனதுக்குள் உங்களைத் திட்டிய திட்டு கொஞ்சமில்லை. உங்கள் குடியை ஏழு தலைமுறைக்குத் திட்டினேன்.

நீங்கள் இறங்கிவந்து, என் கையைப் பிடித்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, நேரே கராஜுக்குள் போனீர்கள். தரையில் குவிந்து கிடந்த சாமானைப் பார்த்தீர்கள்.

"எத்தினை கிடந்தது?"

"தெரியா மச்சாள்."

"காணாமப் போனது என்னென்ன?"

"தெரியா."

வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து சொன்னீர்கள்: "இருக்கிற இடம் தெரியாத சாமான் உன்ர சாமான் இல்ல கா. அது எடுக்கிறவன்ர சாமான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஏத்துங்க! தோணியை நிரப்பிக்கொண்டு போங்க!" என்று கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். சாவீட்டில் அப்படிச் சிரித்தது நீங்கள் ஒருத்திதான்.

"தோணி நெல்லேத்தப் போகுது, விசரி. நான் சும்மா ஏறி வந்தன். துறையில என்ர சாமான் இறக்கி வச்சிருக்கு, எடுத்துக்கொண்டு வா."

போய்ப் பார்த்தேன். ஒரு டின் தார், ஒரு பொட்டலம் ஆணி, ஒரு பிடி தேங்காய்த் தும்பு.

இரண்டு நாள் வேலை. முதல் நாள் பலகைச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டோம். மறுநாள் நான் ஒவ்வொரு சாமானாகச் சுவரில் அழுத்திப் பிடிக்க, நீங்கள் கரித்துண்டால் ஓரம் கீறினீர்கள். பிறகு தும்பைத் தாரில் தோய்த்து உள்ளே நிரப்பினீர்கள். மேலே ஒரு ஆணி. ஆணியில் சாமான். சாமானை எடுத்தால் பின்னால் அதன் கறுப்பு நிழல் வெள்ளைச் சுவரில் தெரியும், திருப்பி மாட்டினால் மறையும். எழுத்து வேண்டாம், கொப்பி வேண்டாம், கண் இருந்தால் போதும்.

உங்களுக்கு ஸ்பானருக்கும் அகப்பைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கேட்கத் தெரிந்தது. நான் வளையல் கடை மாதிரி வடிவுக்கு அடுக்கப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை. "கார்ச் சில்லுக் கழட்ட எதெது வேணும்? அதெல்லாம் ஒரு பக்கம். வேலை தொடங்கினா முதல் கை எதுக்குப் போகும்? அது கைக்கிட்ட. வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிறது மேல" என்றீர்கள். நீங்கள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டு வருசம் தேடித் தேடிக் கொடுத்ததில் அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. எது எந்த நட்டைப் பிடிக்கும், எதற்குப் பல் தேய்ந்திருக்கிறது, எல்லாம் தெரிந்திருந்தது. தெரியும் என்பது மட்டும்தான் அதுவரை தெரியாமல் இருந்தது.

ஸ்பானர்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கும்போது இடையில் ஒன்று இல்லாதது கண்ணில் குத்தியது. இன்னும் பார்த்தோம். ஏழு சாமான் இல்லை.

"இல்லாததுக்கும் நிழல் போடு" என்றீர்கள்.

"இல்லாததை எப்பிடி மச்சாள் கீறுறது?"

"உன்ர கைக்குத் தெரியும். காத்தில பிடிச்சுக் காட்டு."

நான் வெறுங்கையால் காற்றில் பிடித்துக் காட்டினேன். நீங்கள் கீறினீர்கள். ஏழு வெறும் நிழல், ஏழு வெறும் ஆணி. பிறகு ஒரு கிழமை தங்கியிருந்து, வளவுக்குள் வந்த ஒவ்வொருவரையும் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய், வீதிக்குக் கேட்கிற குரலில் கேட்டீர்கள்: "இது ஆருட்டக் கிடக்கு, தெரியுமா?" யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. சுவரைக் காட்டிக் கேட்டீர்கள், அவ்வளவுதான்.

எடுத்தவர்களுக்கு நித்திரை கெட்டிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் சாமான் வரத் தொடங்கியது. ஒன்று வேலிக்கு மேலால் வந்து விழுந்தது. ஒன்று கிணற்று வாளிக்குள் கிடந்தது. நாலு வாசல் படலையடியில் வாழையிலையில் சுற்றிக் கிடந்தன. ஏழாவது, பெரிய ஸ்பானர், உங்கள் அண்ணரின் பெண்சாதி முந்தானைக்குள் வைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கொண்டுவந்தது. "எங்கட வீட்டுக்குள்ள இது எப்பிடி வந்ததோ தெரியா கா." நீங்கள் அப்போது மறுபடி வந்திருந்தீர்கள். "கால் முளைச்சிருக்கும்" என்றீர்கள். பழத்தை வாங்கிக்கொண்டோம்.

அண்ணர் உங்களோடு சண்டைக்கு வந்தார். "உனக்குச் சேர வேண்டியதை நீயே விட்டுட்டியே" என்று குதித்தார். "எனக்குச் சேர வேண்டியது எது எண்டு எனக்குத் தெரியும், அண்ணன்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் நான் பன்னிரண்டு வருசம் சாப்பிட்டேன்.

ஊரில் ஆத்திர அவசரத்துக்குச் சாமான் கேட்டு வருவார்கள். இல்லை என்று சொன்னால் மனிசத்தனமில்லை. கொடுத்தால் திரும்பி வராது. இதற்கு நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். சாமானை எடுப்பவர் அந்த ஆணியில் தன்னுடைய பொருள் ஒன்றை மாட்டிவிட்டுப் போக வேண்டும். "ஆணி பட்டினி கிடக்கப்படாது." முதல் ஆள் ஒரு கிழிந்த துவாயை மாட்டிவிட்டுச் சுத்தியலைக் கொண்டுபோனான். ஒரு மாதம் ஆளைக் காணவில்லை. பிறகு நான் இரண்டாவது சட்டம் போட்டேன்: இல்லாமல் ஒருநாளும் ஓடாத பொருளைத்தான் மாட்ட வேண்டும். மீன்காரன் வலை பின்னும் ஊசியை மாட்டினான். காத்தான்குடித் தையல்காரர், நாம் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் மனிதர், கத்தரிக்கோலை மாட்டினார். பள்ளிக்கூட வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டு வேலியைத் தடவித் தடவி வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது சட்டமும் அந்த வாத்தியாரால் வந்ததுதான். அவர் திருப்புளியை வேறொருவனிடம் கொடுத்தனுப்பி, கண்ணாடியை வாங்கிவரச் சொன்னார். நீங்கள் கொடுக்கவில்லை. "எடுத்த கைதான் கொண்டாந்து மாட்ட வேணும். கண்ட கைக்கும் குடுத்தா நாளைக்குக் கண்ணாடி ஒருத்தனிட்ட, திருப்புளி ஒருத்தனிட்ட." பாவம், மனிதரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர் சுவருக்கு முன் நின்று, "எந்த ஆணி?" என்று என்னையே கேட்டார். நீங்கள் அன்று சிரித்த சிரிப்பில் வெற்றிலை மூக்கில் ஏறிவிட்டது.

உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லொறி ஒன்று எங்கள் வீதி மணலில் புதைந்ததும் நினைவிருக்கும். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஓடிவந்து ஜாக்கியைக் கையால் காட்டினான். கொண்டுபோகட்டும் என்று நினைத்தேன். நீங்கள் குறுக்கே நின்று ஆணியைக் காட்டினீர்கள். அவன் தொப்பியைக் கழற்றி நீட்டினான். நீங்கள் தலையை ஆட்டி, அவன் காலைக் காட்டினீர்கள். "மச்சாள், துவக்கு வச்சிருக்கிறவன்!" என்று உங்கள் முந்தானையை இழுத்தேன். "சண்டைக்கு வந்தவனெண்டாலும் ஆணி ஆணிதான்" என்றீர்கள். ஒரு சப்பாத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு, சுடுமணலில் துள்ளித் துள்ளிப் போனான். ஒரு மணித்தியாலத்தில் அவனே வந்து மாட்டினான். போகும்போது உங்களுக்கு நெற்றியில் கை வைத்து ஒரு மரியாதை செய்தான். எனக்குச் செய்யவில்லை.

என் பிழைப்பும் அந்தச் சுவரில்தான் தொடங்கியது. தையல்காரக் காக்கா ஒருநாள் கத்தரிக்கோலை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கட ஊருல வீட்டுக்கு வீடு பொம்புளையளிட்டத் தையல் மெசின் கிடக்கு, தங்கச்சி. மெசின் திருத்திற ஆம்புளைப் பாசுமார் உள்ளுக்குப் போக ஏலா. மெசின் பழுதாப் போனா மூலையில கிடந்து துருப்பிடிக்கிறதுதான். நீ வந்து பாப்பியா?" போனேன். பயந்துகொண்டுதான் போனேன். எஞ்சினைப் பார்த்தவளுக்குத் தையல் மெசின் என்ன பெரிய காரியம்? உங்கள் தம்பியின் சின்னத் திருப்புளியும் எண்ணெய்க் குப்பியும் போதும். அந்த வீடுகளில் எனக்கு வட்டிலப்பம் தின்னத் தந்தார்கள், நெல்லும் தந்தார்கள், மகளுக்குச் சட்டை தைத்தும் தந்தார்கள். எங்கள் ஊரில்தான் வாய் நீண்டது. "அறுத்தவள் ஸ்பானர் தூக்கிக்கொண்டு ஊர் ஊராப் போறாள்" என்று துறையில் ஒருத்தி சொன்னாள். நீங்கள் தோணியிலிருந்து இறங்கும்போது அது காதில் விழுந்துவிட்டது. "மாதத்துக்கு ஒரு மூட்டை நெல்லு நீ கொண்டாந்து இறக்கு. அவள் ஸ்பானரைக் கீழ வைப்பாள்" என்றீர்கள். பிறகு அந்த வாய் எங்கள் பக்கம் திறக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு விளங்கியது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. நீங்கள் அக்கரையிலிருந்து வந்து ஏதாவது சாமான் கொண்டுபோகும்போது, நீங்களும் பிணை வைத்தீர்கள். எப்போதும் அந்தப் பாக்குவெட்டிதான். உங்கள் அம்மாவின் பாக்குவெட்டி, வெண்கலப் பிடி போட்டது. அதில்லாமல் உங்களுக்கு ஒரு பொழுதும் போகாது.

"உங்கட தம்பிட சாமானுக்கு நீங்களே பிணை வைக்கிறதா? சும்மா கொண்டுபோங்க மச்சாள்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"நீ உன்ர வேலையைப் பார்" என்பீர்கள்.

உடனேயும் மாட்டமாட்டீர்கள். வேறு யாராவது கராஜுக்கு வரும்வரை நின்று கதைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆள் வந்த பிறகு, "இந்தா, பாத்துக்கொள்ளுங்க, நானும் பிணை வைக்கிறன்" என்று சத்தமாகச் சொல்லி மாட்டுவீர்கள். உங்கள் வாய்க்கு ஆள் வேண்டும் என்றுதான் நினைத்தேன். மக்கு நான்.

கடைசியாக வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது. தோணிக்காரன் தாங்கிப் பிடித்து இறக்கினான். சின்னக் குறடு வேண்டும் என்றீர்கள். என்னத்துக்கு என்று கேட்டதற்கு விளக்குக் கம்பி வளைக்க என்றீர்கள். நானே வந்து வளைத்துத் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. காக்கா கத்தரிக்கோலோடு வரும்வரை ஒரு மணித்தியாலம் பெட்டி மேல் குந்தியிருந்தீர்கள். அவர் வந்ததும் எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, குறட்டை எடுத்துப் பாக்குவெட்டியை மாட்டினீர்கள்.

"இது இல்லாம வீட்ட போய் எப்பிடி வெத்திலை போடுவீங்க?"

"வாயெல்லாம் புண் கா. இனி வெத்திலை எனக்கு ஒத்துவராது."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லாமல் இருக்க முடியாததைத்தான் வைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நீங்கள் அதை மீறி, வேண்டாமல் போனதை வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று நான் பகிடி விட்டேன். நீங்கள் குறட்டைக் கையில் பிடித்துக்கொண்டு துறைக்கு நடந்தீர்கள். உங்கள் வாழ்நாளில் பகிடிக்குப் பதில் சொல்லாமல் போனது அன்று ஒருநாள்தான். பன்னிரண்டாம் நாள் அக்கரையிலிருந்து சாவு சொல்ல ஆள் வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைக் கதை. உங்கள் முப்பத்தொன்று முடிந்து மூன்றாம் நாள். உங்கள் அண்ணர் வண்டிலோடு வந்தார். ஆள் நன்றாக வயசு போய்விட்டார். லொறிக் கனவு மட்டும் வயசு போகவில்லை. உள்ளே வந்து அந்தச் சின்னக் குறட்டை மேசையில் வைத்தார்.

"இது தங்கச்சிட தலைமாட்டில கிடந்தது. சாமான் அவட எண்டதுக்கு இதை விடச் சாட்சி வேணுமா? தன்ர சாமானைத்தான் தன்ர வீட்டில வச்சிருந்திருக்கிறா. அவ இருக்கும்வரைக்கும் நான் வாய் திறக்கேல்ல. பிள்ளையில்லாம போயிட்டா. இனி இதெல்லாம் எங்கட குடிக்குத்தான். நீ ஒண்டும் கதைக்காத புள்ள, நான் ஏத்துறன்."

நீங்கள் இல்லாமல் நான் தனியே நிற்கிற முதல் நாள் அது. உங்களைத் தேடுகிற மாதிரிச் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன்.

"மச்சான், அந்தக் குறட்டுக்குரிய ஆணியில என்ன தொங்குது எண்டு பாருங்க."

பார்த்தார். அது யாருடைய பாக்குவெட்டி என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

"அது உங்கட தங்கச்சி வச்ச பிணை. தன்ர சாமானை எடுக்கிறதுக்கு ஆராவது பிணை வைப்பாங்களா?"

ஜும்மா முடிந்து வந்த காக்கா வாசலில் நின்றார். நான் அவரைக் கூப்பிடவில்லை. அவரே சொன்னார்: "நான் கண்கண்ட சாட்சி. ஒரு நாளில்ல, பத்து நாள் கண்டிருக்கன். அந்த அம்மா என்னைக் காக்க வச்சு, 'பாத்துக்கொள்ளுங்க காக்கா' எண்டு சொல்லிச் சொல்லித்தான் மாட்டுவா. ஏன் எண்டு நானும் யோசிச்சதுதான். இப்பதான் விளங்குது."

எனக்கும் அப்போதுதான் விளங்கியது மச்சாள். பன்னிரண்டு வருசமாக, ஒவ்வொரு தரமும், ஆள் பார்க்க, உங்களுக்குச் சேர வேண்டியது என்று ஊர் சொன்னதை நீங்கள் என்னிடம் இரவல் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் கண் மூடிய பிறகு இந்த மனிதர் வருவார் என்று தெரிந்தே அந்தக் கடைசிக் குறட்டை எடுத்திருக்கிறீர்கள். விளக்குமில்லை, கம்பியுமில்லை. நான் அழுதுவிட்டேன். அழுதேனே தவிர நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

அண்ணர் லேசுப்பட்டவரா? குறட்டை எடுத்து நீட்டினார்.

"சரி. உன்ர சட்டத்துக்கே வாறன். உன்ர குறடு இந்தா. எங்கட அம்மாட பாக்குவெட்டியைத் தா."

பாருங்கள், எப்படி மடக்கினார் என்று. சட்டப்படி அவர் சொல்வது சரி. சாமான் வந்தால் பிணையைக் கொடுக்கத்தான் வேண்டும். என் கை பாக்குவெட்டி வரைக்கும் போய்விட்டது. அந்த வெண்கலப் பிடி குளிர்ந்து கிடந்தது. கொடுத்தால் முழுச் சுவரும் எனக்கு, ஒரு வழக்கும் மிஞ்சாது. ஆனால் உங்களுடையது என்று இந்த உலகத்தில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அப்போது வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி நினைவுக்கு வந்தது.

"எடுத்த கைதான் கொண்டாந்து மாட்ட வேணும், மச்சான். இது நீங்க எடுத்ததில்ல. எடுத்தவ வரட்டும்."

"செத்தவள் எப்பிடிக் கா வருவாள்?"

"வராட்டி குறடு உங்களிட்டயே கிடக்கட்டும். எனக்கு அவசரமில்ல."

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் அண்ணர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், குறட்டை மடியில் செருகிக்கொண்டு வெறும் வண்டிலோடு போனார். படலையில் ஒருதரம் திரும்பி நின்றார். சாமானைப் பார்க்கவில்லை, பாக்குவெட்டியைத்தான் பார்த்தார். அவரும் உங்களோடு கூடப் பிறந்தவர்தானே. எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? கொடுக்கவில்லை.

இன்று எல்லா நிழலையும் புதுசாகப் போட்டு முடித்தேன். சுத்தியல், அரம், உளி, ஸ்பானர் எல்லாம் கன்னங்கரேலென்று இருக்கின்றன. சின்னக் குறட்டின் நிழலையும் போட்டேன். பாக்குவெட்டியை ஆணியிலிருந்து கழற்றாமல் ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன். மகள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. இந்த வீடும் கராஜும் சுவரும் அவளுக்குத்தான்.

"அம்மா, பாக்குவெட்டிக்கும் ஒரு நிழல் போடுவமா? வடிவா இருக்கும்" என்றாள்.

"வேணாம்" என்றேன்.

நிழல் போட்டால் அது இந்தச் சுவரின் சாமானாகிவிடும். அது இந்தச் சுவரின் சாமானில்லை. எனக்கு விசரில்லை மச்சாள், நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் துவக்கு வைத்திருந்தவனுக்கு வளையாத சட்டத்தைச் சாவுக்கு மட்டும் நான் ஏன் வளைக்க வேண்டும்? எடுத்தவர் நீங்கள். வந்து மாட்ட வேண்டியவரும் நீங்கள். அதுவரைக்கும் கிழமைக்கு ஒருநாள் பாக்குவெட்டிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன்.

ஆணி பட்டினி இல்லை.